அப்பா காரின் ரிவர்ஸ் கேமராவும் பழவந்தாங்கல் எலக்ட்ரீஷியனும்

ஊருக்குப் போனால் அப்பா அம்மாவின் கண் பரிசோதனை, பேங்க் வேலை, மோட்டார் ரிப்பேர் என்று ஒரு பட்டியல் காத்திருக்கும். இந்த ஜனவரியில் டொராண்டோவிலிருந்து சென்னை நங்கநல்லூர் போனபோது பட்டியலில் முதலில் இருந்தது காரின் ரிவர்ஸ் கேமரா. அப்பாவுக்கு 76 வயது. கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பதால் முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியாது. எங்கள் தெருவோ இரண்டு பக்கமும் பைக் நிற்கிற, பிள்ளைகள் ஓடுகிற தெரு. மழைக்காலம் முடிந்ததிலிருந்து கேமரா வரவில்லை என்றார். "சென்சார் பீப் அடிக்குதே, அது போதும்" என்று சமாதானமும் சொன்னார்.

போதாது. பம்பரில் இருக்கும் சென்சாருக்குத் தாழ்வான கல்லும், மெல்லிய கம்பியும், வண்டியை ஒட்டிப் படுத்திருக்கும் நாயும் பல நேரம் தெரியாது. கனடாவில் 2018 மே முதல் தயாராகும் புதிய கார்களுக்குக் கேமரா கட்டாயம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் கட்டாயமானது சென்சார் மட்டும்தான். அதனால் இங்கே நிறைய கார்களில் கேமரா பின்னால் வாங்கிப் பொருத்தியதாக இருக்கும். அப்பாவின் காரிலும் அப்படித்தான்: நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சின்னக் கேமரா, ரிவர்ஸ் லைட்டிலிருந்து எடுத்த கரண்ட், அங்கிருந்து முன்னால் டச் ஸ்கிரீன் வரை ஒரு வீடியோ ஒயர்.

முதலில் கார் வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏசி ஹால், காபி, பணிவான பேச்சு, எதிலும் குறையில்லை. வண்டியை உள்ளே எடுத்துப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. கேமரா, ஒயரிங் எல்லாம் மாற்ற வேண்டும், 9,000 ரூபாய்க்கு மேல். என்ன பழுது என்று கேட்டேன். "கேமரா போயிடுச்சு சார்" என்றார் அட்வைசர். எப்படித் தெரிந்தது, கரண்ட் வருகிறதா பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டொராண்டோவில் பழுதைக் கண்டுபிடிப்பதற்கே தனியாகக் காசு வாங்குவார்கள், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி இல்லாத இடத்தில் பார்ட்ஸ் மாற்றித்தான் சம்பாதிக்க முடியும். எஸ்டிமேட் இலவசம் என்பதன் விலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜிபி ரோட்டுக்குப் போகலாம் என்றார் மச்சான். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டை பக்கம் போகிற அந்த ரோட்டில் வரிசையாகக் கார் ஆக்சஸரீஸ் கடைகள். புதுக் கேமரா மலிவாகவே கிடைக்கும், நின்ற இடத்தில் மாட்டியும் தருவார்கள். ஆனால் என்ன பழுது என்று தெரியாமல் புதிதாக மாட்ட எனக்கு இஷ்டமில்லை. காரணம், ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தேன். கியரை ரிவர்ஸில் போட்டால் பாட்டு ஓடும் திரை மாறிக் கறுப்பாகிறது, பச்சை மஞ்சள் கோடுகளும் வருகின்றன, படம் மட்டும் இல்லை. டிக்கியைப் பாதி திறந்தபோது ஒரு நொடி படம் வந்து போனது.

பக்கத்து வீட்டு மாமா சொன்ன ஆட்டோ எலக்ட்ரீஷியன் பழவந்தாங்கல் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். டிக்கி விஷயத்தைச் சொன்னதும், "அப்ப கேமரா நல்லாத்தான் இருக்கும் சார், ஒயர் பாக்கலாம்" என்றார்.

டயருக்குக் கல் வைத்து, எஞ்சினை ஆஃப் செய்து, சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸில் போட்டார். ரிவர்ஸ் லைட் எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது, ஆகவே ஃப்யூஸும் கியர்பாக்ஸ் சுவிட்சும் சரி. திரை மாறுவதால் முன்பக்கத்துக்கு சிக்னல் போகிறது, அதுவும் சரி. அப்புறம் டிக்கியின் உள் அட்டையைக் கழற்றிக் கேமராவுக்கு வரும் ஒயரில் மீட்டரை வைத்தார். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. டிக்கியை ஆட்டினால் எண்கள் துள்ளின.

காரின் கூரையிலிருந்து டிக்கிக்குள் ஒயர்கள் போகிற இடத்தில், கீல் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதை உருவி சிவப்பு ஒயரை விரலால் மெல்ல இழுத்தார். ஒரு இடத்தில் மட்டும் ரப்பர் பேண்டு போல நீண்டது. மேல் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே செம்பு அறுந்துவிட்டது. டிக்கியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடிந்து மடிந்து அறுந்த ஒயர். பிரித்துப் பார்த்தால் செம்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. மழையீரம் ஏறிய அடையாளம். புதுக் கேமரா மாட்டியிருந்தாலும் அதன் ஒயரை இதே குழாய் வழியாக இறுக்கி விட்டிருந்தால், கொஞ்ச காலத்தில் இதே இடத்தில் அறுந்திருக்கும்.

அவர் செய்த ரிப்பேரும் எனக்குப் பிடித்திருந்தது. வெறுமனே முறுக்கி டேப் சுற்றவில்லை. கெட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டு, மடியக்கூடிய மெல்லிழை ஒயரைக் கொஞ்சம் நீளமாகச் சேர்த்து, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சூடுகாட்டினார். ஜாயின்ட் இரண்டும் குழாய்க்கு வெளியே, மடங்காத இடத்தில் வருகிற மாதிரி வைத்தார். கூலி 600 ரூபாய். அப்பா ஃபோனில் ஸ்கேன் செய்து கொடுத்தோம்.

இதே தொல்லை உங்கள் வீட்டுக் காரில் வந்தால், ரிவர்ஸ் போடும்போது திரை மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். மாறவே இல்லை, ரிவர்ஸ் லைட்டும் எரியவில்லை என்றால் ஃப்யூஸிலோ கியர்பாக்ஸ் சுவிட்சிலோ தேட வேண்டும். படம் வருகிறது ஆனால் புகை மூட்டமாக இருக்கிறது என்றால், லென்ஸை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் கேமராவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். வண்டி வாரண்டியில் இருந்தால் வெளியே ஒயரை வெட்ட விடாதீர்கள், கம்பெனியிலேயே கேளுங்கள். எங்கே விட்டாலும், "பழுதான இடத்தை எனக்குக் காட்டிவிட்டு மாற்றுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்; பார்க்கும் கூலியைத் தனியாகத் தருகிறேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது டிக்கியை நாலைந்து தடவை திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸ் போட்டுப் படம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.