யூனிட்டியா, கோடோவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகள் கேம் செய்யக் கிளம்பினால் முதல் கேள்வி இதுதான். இரண்டும் கேம் உருவாக்கும் மென்பொருள்கள்.

யூனிட்டி 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட வருமானமும் நிறுவல் எண்ணிக்கையும் தாண்டிய விளையாட்டுகளின் ஒவ்வொரு புது நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அடுத்த மாதமே தலைமை அதிகாரி ஜான் ரிச்சிட்டியெல்லோ விலகினார். 2024 செப்டம்பரில் கட்டணம் ரத்து. கேம் செய்பவரின் ஆண்டு வருமானம் 200,000 டாலர் தாண்டாதவரை யூனிட்டி இலவசம். சரி, நம் பையனுக்கு அது தாராளம். ஆனால் விதியை எழுதும் பேனா அவர்கள் கையில்.

கோடோ எம்ஐடி உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் திறந்த மூல உரிமத்தில், வருகிறது. எவ்வளவு சம்பாதித்தாலும் பங்கு கேட்காது. நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும், பழைய மடிக்கணினிக்காரருக்கு இது பெரிய விஷயம். செய்த விளையாட்டை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதுதான் தலைவலி.

சொந்தமாகச் செய்ய கோடோ. கோலாலம்பூரில் வேலை தேடுபவர் யூனிட்டியையும் பழகட்டும்.