அடுப்புச் சூட்டில் துணி காயவைப்பது: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

வெயில் எட்டிப் பார்க்காத நாட்களில் சமையலறைக் கூரைக்கடியில் கொடி கட்டி, அடுப்புச் சூட்டிலேயே துணி காயவைத்துவிட முடியுமா என்றால், முடியும். டவல், போர்வை, ஜீன்ஸ் உட்பட ஒரு வீட்டுத் துணி முழுக்க இப்படிக் காய்ந்துவிடும். ஆனால் சூடு இருந்தால் போதும் என்று நினைத்து இறங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கதவு, ஜன்னலையெல்லாம் அடைத்து அறையைச் சூடாக்குவார்கள். துணி நசநசவென்று அப்படியே தொங்கும், ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், ஒரு மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை கறுப்பாகப் படரும். இந்த வேலையில் சூட்டுக்குப் பாதிப் பங்குதான். ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும் காற்றுக்கு மீதிப் பாதி.

முதலில் எந்த அடுப்பு என்பது. புகைபோக்கி வைத்த விறகடுப்பு, வார்ப்பிரும்பு அடுப்பு, செங்கல் வைத்துக் கட்டிய கனமான அடுப்பு ஆகியவை ஏற்றவை. விறகு எரிந்து வரும் புகையும் நீராவியும் குழாய் வழியே வெளியே போய்விடுவதால், அறைக்குள் பரவுவது வறண்ட சூடு மட்டும். வார்ப்பிரும்பு, தீ அணைந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் கதகதப்பாக இருக்கும். செங்கல் அடுப்பு இரவு முழுக்கத் தாங்கும். 1922-இல் சுவீடனின் குஸ்தாஃப் டாலன் உருவாக்கிய அகா வகைபோல எந்நேரமும் சூட்டைத் தேக்கிவைக்கும் அடுப்பு வாய்த்தவர்களுக்கு இன்னும் எளிது. சூடு ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதால் துணி எப்போது காயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கேஸ் அடுப்பு இதற்கு ஆகாது. 100 கிராம் எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 160 கிராம் நீராவி உண்டாகும். புகைபோக்கி இல்லாத பர்னரில் அது அத்தனையும் அறைக்குள்தான் வரும். அதைவிடப் பெரிய கவலை கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் டை ஆக்சைடும். சூடு போகக்கூடாதென்று ஜன்னலை அடைத்த அறையில் மணிக்கணக்காக பர்னர் எரிவது உயிருக்கே ஆபத்து. துணிக்காக பர்னரைப் பற்றவைப்பதோ, ஓவன் கதவைத் திறந்துபோட்டுச் சூடு விடுவதோ ஒருநாளும் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தை மட்டுமே சுடவைக்கும். அதிலிருந்து துணிக்குக் கிடைக்க ஒன்றுமில்லை.

அடுத்தது கணக்கு. ஒருமுறை இதைப் போட்டுப் பார்த்துவிட்டால் ஜன்னலை மூடும் பழக்கம் தானாகப் போய்விடும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 4 மீட்டருக்கு 3 மீட்டர், 2.5 மீட்டர் உயரம் என்றால் சமையலறையில் 30 கன மீட்டர் காற்று. அதில் ஏற்கெனவே பாதி ஈரம் இருந்தால், இன்னும் கால் லிட்டர் தண்ணீர்தான் அந்த அறைக்குள் அடங்கும். மெஷினில் 1000 சுற்றில் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியிலோ சுமார் 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். மூடிய அறையில் கால் லிட்டரோடு துணி காய்வது நின்றுபோகும். அறைக் காற்று பத்துப் பதினைந்து முறையாவது மாறினால்தான் அந்த 3 லிட்டரும் வெளியேறும்.

வெளியே குளிர்ந்தால் ஜன்னலைத் திறக்கத் தயங்குவோம். உண்மையில் அப்போதுதான் திறப்பதில் பலன் அதிகம். 5 டிகிரிக் காற்றில் எவ்வளவு ஈரம் இருந்தாலும் கன மீட்டருக்கு 7 கிராமைத் தாண்டாது. உள்ளே வந்து 25 டிகிரிக்குச் சூடேறியதும் அது உலர்ந்த காற்றாகி, மும்மடங்கு நீரை ஏந்தும் தகுதி பெற்றுவிடும். அடைமழைக்காலத்தில் இந்த ஆதாயம் குறைவு. வெளிக்காற்று 26 டிகிரியில் 90 சதவீத ஈரத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 34 டிகிரிக்கு உயர்த்தினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். காயும், ஆனால் மெதுவாக. ஜன்னலை முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. அடுப்புப் பக்கம் தரைமட்டத்தில் ஒரு நுழைவழி, எதிர்ப்பக்கம் கூரையருகே இரண்டு விரற்கடை அகலத்துக்கு ஒரு வெளிவழி. கொடி உயரத்தில் ஒரு சிறிய ஈரப்பதமானியை மாட்டிவையுங்கள். முள் 60-க்கு மேல் போனால் திறப்பை அகலமாக்குங்கள். 45-க்குக் கீழே வந்தால் கொஞ்சம் குறைக்கலாம். இந்த ஏற்பாட்டில் காசுக்குத் தகுந்த பலன் தரும் முதல் பொருள் இந்த மானிதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் விஷயத்தில் மட்டும் கவனம். விறகடுப்பு எரியும்போது பலமான எக்ஸாஸ்டைப் போட்டால், அது அறைக்காற்றோடு சேர்த்துப் புகைபோக்கியில் ஏறும் புகையையும் உள்ளே இழுத்துவிடும். துணியெல்லாம் புகை நாறும். கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடும் அதோடு வரும். கங்கு அணையாதவரை எக்ஸாஸ்ட் கூடாது, புகைபோக்கியின் தடுப்புத் தகட்டை முழுக்க மூடவும் கூடாது. ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும். காற்று ஓட்டத்துக்கு மேசை விசிறி போதும். குறைந்த வேகத்தில், துணிகளுக்கு நடுவே குறுக்காக வீசும்படி, முகம் அடுப்பைப் பார்க்காமல் வையுங்கள். அடுப்பைப் பார்த்தால் சாம்பலைக் கிளப்பி வெள்ளைத் துணியில் அப்பிவிடும்.

பிழிவதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பம் செலவாகும்; அதே தண்ணீரை மெஷினின் ஸ்பின் சுழற்றி எடுக்க ஆகும் மின்சாரம் இதில் ஒரு சிறு துளி. துவைத்து முடிந்ததும் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓடவிடுங்கள். கையால் துவைப்பவர்கள், பிழிந்த துணியை உலர்ந்த டவலின் மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டி, மேலே முழங்காலை வைத்து அழுத்தினால் முறுக்கிப் பிழிவதில் வராத நீரும் டவலுக்குப் போய்விடும். சொட்டும் துணியை அடுப்பறைக் கொடியில் போடவே கூடாது.

கொடி என்றால் கப்பியில் ஏறி இறங்கும் மரச்சட்டம்தான் சிறந்தது. தலைமட்டத்துக்கும் கூரைக்கும் 5 டிகிரிக்குமேல் வித்தியாசம் இருக்கும் அறையில், தரையில் நிற்கும் மடக்கு ஸ்டாண்டு குளிர்ந்த காற்றில்தான் நிற்கிறது. 1.8 மீட்டர் நீளத்தில் நான்கு அல்லது ஆறு கம்புகள், ஒன்றுக்கொன்று 10 முதல் 12 சென்டிமீட்டர் இடைவெளி. பைன் போன்ற வெளிறிய மரம் நல்லது; தேக்கு, ஓக் மரங்களின் சாறு ஈரத்தில் கசிந்து வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை விடும். கம்பைச் சிராய் இல்லாமல் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். திருகுகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

சட்டத்தின் எடை 5 கிலோ, ஈரத் துணி 8 கிலோ என்றால் 13 கிலோ தொங்குகிறது. கீழே இழுக்கும்போது அதற்கும் மேல் பாரம் விழும். ஆகவே ஒவ்வொரு கொக்கியும் 50 கிலோ தாங்கும்படி, உத்தரத்திலோ கான்கிரீட்டிலோ பிடித்திருக்க வேண்டும். வெறும் ஃபால்ஸ் சீலிங்கில் மாட்டினால் என்றாவது ஒருநாள் அத்தனையும் அடுப்பின்மேல் வந்து விழும். ஒரு பக்கம் ஒற்றைக் கப்பி, சுவர்ப் பக்கம் இரட்டைக் கப்பி, 6 மில்லிமீட்டர் பின்னல் பருத்திக் கயிறு 10 முதல் 12 மீட்டர். நைலான் கயிறு பாரத்தில் நீண்டுகொண்டே போகும். சட்டம் ஒரு பக்கம் சாயும்.

மாட்டும் முறையில் கிடைக்கும் நேரம், அடுப்பில் இன்னும் இரண்டு விறகு போட்டாலும் கிடைக்காது. ஒவ்வொரு துணியையும் ஓங்கி உதறி, தையல் ஓரங்களை விரலால் நீவிவிடுங்கள். துணிக்கும் துணிக்கும் நடுவே உள்ளங்கை நுழைய வேண்டும். போர்வையை ஒரே கம்பில் இரண்டாக மடித்துப் போட்டால் உட்பக்கம் மறுநாள்வரை ஈரமாகவே இருக்கும். இரண்டு மூன்று கம்புகளில் கூடாரம்போல விரித்தால் நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ஜீன்ஸை உட்புறம் வெளியே திருப்பி, பாக்கெட்டுகளை இழுத்துவிட்டு, இடுப்புப்பட்டையை வட்டமாகத் திறந்து கிளிப் போடுங்கள். அப்படியும் 10 முதல் 12 மணி நேரம் எடுக்கும். மெல்லிய சட்டைக்கு 3, 4 மணி. டவலுக்கு 7, 8. கம்பளித் துணியைத் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் நீண்டுவிடும். அடுப்புக்கு எட்டத்தில் வலைமேல் படுக்கைவசமாகப் போடுவதே சரி. எலாஸ்டிக், ரப்பர் அச்சுப் படம் உள்ளவை சூட்டுக்கு ஆகாது. கடைசிக் கம்புக்குப் போகட்டும்.

டவல் அட்டைபோல விறைத்துக்கொள்வதுதான் இந்த முறையில் நிரந்தரக் குறை. அசையாத காற்றில் காயும்போது மிச்ச நீர் பருத்தி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதால் வரும் விறைப்பு இது. முக்கால்வாசி காய்ந்த நிலையில் கழற்றி, இரண்டு கையாலும் பத்து உதறு உதறி மீண்டும் மாட்டினால் பெருமளவு மிருதுவாகிவிடும். வெயிலில் காய்ந்த டவலின் மணம் மட்டும் வராது; அதை எதிர்பார்க்க வேண்டாம். முடைநாற்றம் வந்தால் அதற்குக் காரணம் வேறு. துணி நெடுநேரம் ஈரமாகவே இருந்து, மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள். கொடியில் பாதித் துணியை மட்டும் போட்டு வேகமாகக் காயவையுங்கள். சமையல் நடக்கும்போது துணி தொங்கினால் எண்ணெய்ப் புகை முழுக்க இழையில் இறங்கும். சமையல் முடிந்து, சாம்பலை அள்ளி, மேடையைத் துடைத்து, அறை வாசம் போன பிறகே கொடி ஏற வேண்டும். இரவு அடுப்பு ஆறிவரும் நேரம்தான் இதற்கு உகந்தது.

தீ விபத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரத் துணி கம்பில் ஒட்டிக்கொண்டு அசையாது. காய்ந்து லேசானதும் பிடி விட்டுவிடும். விறைத்த விளிம்பில் விசிறிக் காற்று பட்டால் போதும், மெல்ல வழுக்கிக் கீழே வரும். மாட்டி வெகுநேரம் ஆகி, யாரும் கவனிக்காத கடைசி நேரத்தில்தான் காலுறையோ கைக்குட்டையோ அடுப்பின் மேல் விழுகிறது. அதனால் அடுப்புக்கு நேர் மேலே ஒரு கம்பும் வரக்கூடாது. சட்டத்தின் விளிம்புக்கும் அடுப்பின் விளிம்புக்கும் குறைந்தது 1 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சின்னத் துணிகளுக்குக் கட்டாயம் கிளிப். அடுப்பின் முன்கம்பியில் கைப்பிடித் துணி தவிர வேறெதுவும் வேண்டாம். புகைக்குழாயில் அதுகூட வேண்டாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் பட்ட துணி துவைத்திருந்தாலும் இந்த அறைக்குள் வரக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போகாத சமையலறைத் துணிகளைச் சுடச்சுட மடித்து அடுக்கினால், அடுக்குக்குள்ளேயே சூடு பெருகித் தானாகப் பற்றிக்கொள்ளும். அவற்றைத் தனித்தனியாக விரித்து ஆறவிட்ட பிறகே மடிக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று கொடியில் தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். சூடான துணி ஈரமாக இருந்தாலும் விரலுக்கு உலர்ந்ததுபோலத்தான் தெரியும். கழற்றிப் பத்து நிமிடம் வேறு அறையில் வைத்து, பிறகு காலர் மடிப்பையும் இடுப்புப்பட்டையையும் மேலுதட்டில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி.

நீண்ட உபயோகத்தில் பழுதாவது கயிறுதான். கப்பியில் உரசும் அதே ஒரு சாண் இடத்தில் நூல் பிரியும். ஆண்டுக்கு ஒருமுறை சட்டத்தைக் கீழே இறக்கி அந்த இடத்தைக் கையில் உருட்டிப் பாருங்கள், பஞ்சு கிளம்பியிருந்தால் முழுக் கயிற்றையும் மாற்றுங்கள். கப்பி கிறீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள், துணியில் சொட்டும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். நடுவில் தொய்ந்த கம்பைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் சில மாதங்களில் நிமிர்ந்துவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவைத்து, ஜன்னல் கண்ணாடியில் படிந்த நீரை அன்றன்றே துணியால் ஒற்றி, அந்தத் துணியை அறைக்கு வெளியே பிழியுங்கள். காலையில் புதிதாக அடுப்பு மூட்டுவதற்கு முன் கொடியில் ஒரு துணிகூட மிஞ்சியிருக்கக் கூடாது.