டார்க் சைடு ஆஃப் த மூன்: எந்த மறுவெளியீடு, எந்தக் காரணத்துக்கு?

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘த டார்க் சைடு ஆஃப் த மூன்’ ஆல்பம் 1973 மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வடிவங்களில் மறுபடி மறுபடி வெளியாகியிருக்கிறது. எதை வாங்குவது என்று யோசிப்பவர் முதலில் பாடல் வரிசையைப் பார்க்க வேண்டும். அட்டை, போஸ்டர், பெட்டி எல்லாம் அப்புறம்.

முதல் பக்கம் காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு இதயத் துடிப்பாக ஆரம்பிக்கிறது. கிளேர் டோரி தொண்டை கிழியப் பாடும் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’யில் முடிகிறது. இரண்டாம் பக்கம் ‘மனி’யின் கல்லாப்பெட்டிச் சத்தத்தில் தொடங்கி, எல்லாக் கருவிகளும் குரல்களும் ஒன்றாக எழும் ‘எக்லிப்ஸ்’ பாட்டில் போய் நிற்கிறது. ஆக, முதல் பக்கத்தின் மெல்லிய ஒலி தட்டின் வெளி விளிம்பில் கிடக்கிறது. இரண்டு பக்கத்திலும் உச்சம் லேபிளுக்குப் பக்கத்தில், உள்வட்டத்தில். எல்பி தட்டுக்கு இவ்வளவு பாதகமான வரிசை அமைவது அபூர்வம். என் ஓட்டு 2003 எஸ்ஏசிடியின் (சிடி போன்ற, ஆனால் அதைவிட உயர்தர ஒலியும் பதிந்த வட்டு) உயர்தர ஸ்டீரியோ அடுக்குக்கு விழுவதற்கு இதுதான் முதல் காரணம்.

உள்வட்டத்தில் என்ன ஆகிறது? எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. கடைசிப் பாட்டுக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளத்தில் தாராளமாகக் கிடக்கும். உள்ளே 21 மைக்ரானுக்குள் அடைந்து கிடக்கும். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரம் 15 முதல் 18 மைக்ரான். அந்த முனை அந்த நெளிவுக்குள் இறங்காது, மேலோடு தாவிக்கொண்டு போகும். டோரியின் குரல் உச்சியில் ஓரம் பிசிறி, கம்பியால் சுரண்டுவது போலக் கேட்பது இதனால்தான். தட்டைக் குறை சொல்லிப் புதுத் தட்டு வாங்குகிறவர்கள் அதே பிசிறலைப் புதிதிலும் கேட்பார்கள்.

நீள்வட்ட ஊசியின் பக்கவாட்டு ஆரம் சுமார் 8 மைக்ரான் என்பதால் நிலைமை பாதி சரியாகும். இன்னும் மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலைன் வகைக்குப் போனால் பெரும்பகுதி சரியாகும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95எம்எல் போன்ற ஒரு ஊசியை 2 கிராம் எடையில் வைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டி) கோணத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் கோணத்தை அமைக்கும் பேர்வால்ட் முறையில் பிழை பூஜ்யமாகும் இரண்டு புள்ளிகள் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரிலும் 120.9 மில்லிமீட்டரிலும் வரும். ஸ்டீவன்சன் முறையில் உள்புள்ளி 60.3 மில்லிமீட்டர், அதாவது கடைசிப் பாட்டு முடிகிற இடம். நடுப் பாடல்களில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும், இந்த ஆல்பத்தை அடிக்கடி கேட்பவருக்கு ஸ்டீவன்சன்தான் பொருந்தும். ஊசியின் ஆயுளையும் கணக்கில் வையுங்கள். நீள்வட்டத்துக்கு 300 மணி நேரம், மைக்ரோலைனுக்கு 1,000 மணி நேரம் என்பது ஆடியோ-டெக்னிகாவே சொல்லும் கணக்கு. தேய்ந்த ஊசி முதலில் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான்.

இனி தட்டுகள். 1973 பிரிட்டிஷ் முதல் அச்சு (ஹார்வெஸ்ட் நிறுவனம், தட்டு எண் எஸ்ஹெச்விஎல் 804, லேபிளில் நிறம் நிரப்பிய நீல முக்கோணம் உள்ளது) சேகரிப்பாளர் பொருள். நல்ல நிலையில் கிடைத்தால் ஒலியில் உயிர் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் யார் யார் வீட்டுக் கூம்பு ஊசியோ அந்த உள்வட்டத்தை உழுதிருக்கும். மேலே பளபளப்பாகத் தெரியும் தட்டில்கூட டோரி பாடும் இடம் சாம்பல் பூத்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்து லேபிளுக்கு அருகே இரண்டு சென்டிமீட்டரைப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

1979-இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்டது பாதி வேகத்தில் பள்ளம் வெட்டிய தட்டு. டேப்பும் வெட்டும் எந்திரமும் இரண்டுமே பாதி வேகத்தில் ஓடுவதால், 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி வெட்டும் தலைக்கு 10 கிலோஹெர்ட்ஸாகத்தான் போய்ச் சேரும்; மேல் ஸ்தாயி சிரமமில்லாமல் பதியும். குறை என்னவென்றால், மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் தூக்கி, நடுவை இறக்கி வைத்த ஒலி அது. ‘டைம்’ பாட்டின் கடிகாரங்கள் கண்ணாடி போல மின்னும். பாடகர் டேவிட் கில்மோரின் குரல் ஒரு அடி பின்னால் தள்ளி நிற்கும். முதல் தடவை கேட்கையில் அசத்தும், பத்தாவது தடவை அலுக்கும்.

எல்பியே வேண்டும் என்பவருக்கு 2003-இன் முப்பதாம் ஆண்டுப் பதிப்பு. ஒலிப் பொறியாளர்கள் டக் சாக்ஸும் கெவின் கிரேயும் ஏகூஸ்டெக் ஸ்டுடியோவில் அனலாக் டேப்பிலிருந்து வெட்டிய 180 கிராம் தட்டு. நடுப்பகுதி ஒழுங்காக இருக்கிறது, பேஸ் இறுக்கமாக நிற்கிறது. 2016-இல் ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன் ஆகிய ஒலிப் பொறியாளர்கள் மூவரும் செய்த பதிப்பு அதைவிட ஒரு படி குறைவு. எளிதாகவும் கிடைக்கும், கீழ் ஸ்தாயி சற்றுக் கனம் கூடியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கார்ட்ரிட்ஜ் கோணத்தில் ஒரு பாகை பிசகினால் வரும் வித்தியாசத்தைவிடக் குறைவு.

2024-இல் வந்த ஒளி ஊடுருவும் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் பாட்டு, மறுபக்கம் படம் அச்சிட்டது. இரண்டு தட்டு என்றதும் உள்வட்டப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாட்டு இருப்பது அதே இரண்டு பக்கங்களில்தான். 23 நிமிடத்துக்கு மேல் போகும் இரண்டாம் பக்கம் அதே இடத்துக்குள் அடைந்துதான் கிடக்கிறது. நான்கு பக்கமாகப் பிரித்திருந்தால் கதை வேறு.

சிடிக்கு வருவோம். 1983-இல் ஜப்பானில் வந்த கறுப்பு முக்கோண சிடிக்கும், 1988-இல் வந்த மொபைல் ஃபிடெலிட்டியின் தங்க சிடிக்கும் பழைய சந்தையில் தரும் விலை ஒலிக்காகத் தருவதல்ல. அந்தக் காலத்து ஜப்பானிய சிடிகள் பலவற்றில் ப்ரீ-எம்ஃபசிஸ் உண்டு. பதியும்போது மேல் ஸ்தாயியைத் தூக்கி வைத்து, இயக்கும்போது பிளேயர் இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. கணினியில் நகலெடுக்கும் மென்பொருள் அந்தக் குறியைக் கவனிக்காமல் விட்டால் ஒலி வெளிறிப் போய், காதைக் குத்தும். “ஜப்பான் பதிப்பு தெளிவு அதிகம்” என்று சிலர் சொல்வதன் பின்னால் இறக்காமல் விட்ட இந்த மேல் ஸ்தாயியும் இருக்கலாம்.

சாதாரண சிடி பிளேயர் மட்டும் வைத்திருப்பவருக்கு என் சிபாரிசு, 1992-இல் டக் சாக்ஸ் த மாஸ்டரிங் லேப் ஸ்டுடியோவில் செய்த மறுமாஸ்டர் (டேப்பின் ஒலியை வெளியீட்டுக்காகத் திரும்பச் சீரமைத்தது). தொண்ணூறுகளின் வெளியீடுகளில் பரவலாக இருப்பதால் பழைய சிடிக் கடைகளில் சாதாரண விலையில் கிடைக்கும். உள்புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். 2011 கத்ரி-பிளான்ட் சிடி அதற்கு அடுத்தது. ஒலி அளவு கொஞ்சம் கூட்டியது, ஆனாலும் கெடுக்கவில்லை.

இனி 2003 எஸ்ஏசிடி. இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஒரே வட்டில் இரண்டு அடுக்கு. ஒன்று எல்லா பிளேயரிலும் ஓடும் சிடி அடுக்கு. மற்றது எஸ்ஏசிடி பிளேயர் மட்டும் படிக்கும் உயர்தர அடுக்கு. அதில் ஒரு ஸ்டீரியோவும் ஜேம்ஸ் கத்ரியின் 5.1 கலவையும் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் கொண்டு சுற்றிலும் ஒலிப்பது) இருக்கின்றன. இரண்டு அடுக்கிலும் ஒரே ஸ்டீரியோ மாஸ்டர்தான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. சிடி அடுக்கை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, உச்சங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள்; ‘ஸ்டீரியோஃபைல்’ இதழ் அப்போதே அளந்து காட்டிய விஷயம் இது. ‘மனி’யில் ஸ்னேர் டிரம்மில் அடி விழும்போது உயர் அடுக்கில் அடி தனியாகத் துள்ளி எழும். சிடி அடுக்கில் அதே அடி மற்ற ஒலிகளோடு ஒரே மட்டத்தில் தட்டையாகக் கிடக்கும். எஸ்ஏசிடி வாங்கி சாதாரண சிடி பிளேயரில் கேட்டுவிட்டு, 1992 சிடியே தேவலை என்று சொல்பவரின் காது பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது வேறு மாஸ்டர்.

உயர் ஸ்டீரியோ அடுக்கில் அந்த இதயத் துடிப்பு டேப் இரைச்சலுக்கு நடுவிலிருந்து மெல்ல எழுகிறது. கிளிக், பாப் எதுவும் குறுக்கே வராது. ‘ஆன் த ரன்’ பாட்டில் இஎம்எஸ் சின்தி ஏகேஎஸ் சின்தசைசர் சுழற்றும் எட்டு ஸ்வரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். டோரி உச்சத்துக்குப் போகும்போது குரல் கரகரப்பதை, அது டேப்பிலேயே இருக்கும் கரகரப்பு, ஊசியின் பிசிறல் இல்லாமல் கேட்கலாம். தட்டில் இந்த இரண்டும் கலந்துவிடும். எது பாடகியுடையது, எது ஊசியுடையது என்று பிரிக்க முடியாது. ‘எக்லிப்ஸ்’ முடிந்து துடிப்பு மட்டும் மிஞ்சும்போது ஆல்பம் பதிவான அபே ரோடு ஸ்டுடியோவின் வாயிற்காப்பாளர் ஜெரி ஓ’டிரிஸ்கோலின் பேச்சு வருகிறதல்லவா, அதன் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

எந்த அடுக்கு ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டு. சோனி ப்ளூ-ரே பிளேயர்களில் எஸ்ஏசிடி படிக்கும் மாடல்களில், அமைப்புப் பட்டியலுக்குள் போய் அடுக்கு என்ற இடத்தில் எஸ்ஏசிடியையும், சேனல் என்ற இடத்தில் ஸ்டீரியோவுக்கான ‘2’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஹெச்டிஎம்ஐ கம்பியில் இணையுங்கள். ஆப்டிகல் கம்பியில் உயர் அடுக்கு வெளியே வராது. ஒன்று அமைதி, இல்லையென்றால் சிடி அடுக்கு. பிளேயர் அதை பிசிஎம் என்ற சாதாரண டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றி அனுப்பினால் ஆம்ப்ளிஃபையரின் திரையில் 88.2 அல்லது 176.4 கிலோஹெர்ட்ஸ் என்று தெரிய வேண்டும். 44.1 என்று காட்டினால் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த அழுத்திய சிடி அடுக்கு.

5.1 கலவை தனி ருசி. பல தடங்களை ஒன்றாக நகலெடுத்துச் சுருக்குவதற்கு முந்தைய முதல் தலைமுறை டேப்புகளுக்கே கத்ரி திரும்பிப் போனதால் டிரம்ஸ் புதிதாகக் கழுவியெடுத்தது போல இருக்கும். ஐந்து ஸ்பீக்கர் இல்லாதவருக்குப் பயனில்லை. ஆல்பத்தின் ஒலிப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸின் 1973 குவாட் (நான்கு ஸ்பீக்கர்) கலவை வேண்டுமென்றால் பல வட்டுகள் கொண்ட 2011 இம்மர்ஷன் பெட்டிக்குப் போக வேண்டும்; அதன் ப்ளூ-ரேயில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவும் உண்டு. 2023 ஐம்பதாம் ஆண்டு ப்ளூ-ரேயில் அட்மாஸ் (தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்ட்) கலவையோடு 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ இருக்கிறது. அடுக்குக் குழப்பம் இல்லாமல் எந்த ப்ளூ-ரே பிளேயரிலும் ஓடும் என்பது இதன் பெரிய வசதி. எஸ்ஏசிடி பிளேயர் இல்லாதவர் அதற்காகத் தனியாக ஒன்று வாங்குவதைவிட இதை எடுக்கலாம். எஸ்ஏசிடியைக் கேட்ட அளவு நான் இதைக் கேட்கவில்லை என்பதால் இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அட்மாஸ் பற்றிச் சொல்லும் அளவுக்கும் கேட்கவில்லை.

வீட்டில் இரண்டு பதிப்பை ஒப்பிடுவதாக இருந்தால் ஒலி அளவைச் சமப்படுத்தாமல் தொடங்காதீர்கள். சற்றே சத்தமாக இருப்பது எப்போதும் ஜெயிக்கும். ‘அஸ் அண்ட் தெம்’ தொடக்கத்தில் ஆர்கன் சீராக நிற்கும் இடத்தில் கைபேசியின் ஒலிமானி செயலியை உட்காரும் இடத்தில் வைத்து, இரண்டும் ஒரே டெசிபல் காட்டும் வரை வால்யூமைத் திருப்புங்கள். பிறகு மூன்று இடம் மட்டும் போதும்: தொடக்கத் துடிப்பு, ‘மனி’யின் ஸ்னேர், டோரியின் இரண்டாவது எழுச்சி. எல்பியும் ஒப்பீட்டில் இருந்தால் டோரியை முதலில் போடுங்கள். அங்கே பிசிறினால் ஊசியையும் கோணத்தையும் சரி பார்த்த பிறகே மற்ற இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்.