மிச்சமாகும் நிமிடமா, போய்ச் சேர முடிவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊருக்கு அகலமான சாலையா, தோட்டங்களுக்குள் வந்துபோகும் பேருந்தா? எதை அளக்கிறோமோ அதைப் பொறுத்துப் பதில் மாறும்.

செலவு–பலன் கணக்குதான் பழைய வழி. 1960களில் லண்டன் விக்டோரியா ரயில் தடத்தை இப்படித்தான் எடைபோட்டார்கள். பயணிகளுக்கு மிச்சமாகும் நிமிடங்களைப் பணமாக்கி, கட்டுமானச் செலவோடு ஒப்பிடுவார்கள். பாலத்தையும் ரயிலையும் ஒரே அளவுகோலில் வைக்கலாம் என்பது பெரிய பலம்.

ஆனால் அந்த நிமிடங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பயணிப்பவர்களுடையவை. பக்கத்து நகரமான ஈப்போவுக்குத் தினமும் கார் ஓட்டுபவர் கணக்கில் வருவார். வண்டி இல்லாமல் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் தோட்டத்துப் பாட்டி வரமாட்டார். போகாத பயணத்தில் மிச்சப்படுத்த நிமிடம் ஏது? இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. அப்புறம், சாலையை அகலப்படுத்தினால் புதிய வாகனங்களும் சேரும் என்று பிரிட்டனின் சாலைத் திட்ட ஆலோசனைக் குழு 1994இலேயே சொல்லிவிட்டது. அதைச் சேர்க்காத கணிப்பு பலனை ஊதிக்காட்டும்.

அணுகல் அளவீடு வேறு கேள்வி கேட்கிறது: கார் இல்லாதவர் 45 நிமிடத்தில் எந்த மருத்துவமனைக்கு, கல்லூரிக்கு, எத்தனை வேலையிடங்களுக்குப் போய்ச் சேர முடியும்? பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமும் இதில் சேரும். பாட்டியும் வருவார். 45 நிமிடம் என்பது யாரோ வைத்த எல்லைதான். விடை பணமாக வராததால் நிதி அமைச்சு தயங்கும். சரி, தயங்கட்டும். இரண்டு பெருநகரங்களை இணைக்கும் பாதைக்குச் செலவு–பலன் கணக்கே போதும். தோட்டப்புற ஊருக்கு முதலில் அணுகலைப் பார்த்து, தகுதியான திட்டங்களுக்குள் மட்டும் செலவை ஒப்பிட வேண்டும்.