விவாதமா, கலந்துரையாடலா?

இரண்டும் பேச்சுதான். ஆனால் நம்மைக் கூப்பிடுகிறவர் எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ, அதற்கேற்பத்தான் நாமும் தயாராகிப் போகிறோம்.

விவாதத்துக்குத் தரப்புகள் வேண்டும். சட்டமன்றத்தில் ஒரு மசோதா மீது நடப்பது விவாதம். ஆதரிப்பவர், எதிர்ப்பவர், கடைசியில் வாக்கெடுப்பு. எதிர்த்தரப்பு வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதே அங்கே வேலை.

கலந்துரையாடலில் தரப்பு கிடையாது. "எனக்கு இப்படித் தோணுது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அரைகுறை யோசனையைக்கூட முன்வைக்கலாம். நடுவில் கருத்தை மாற்றிக்கொண்டால் யாரும் தோற்றதாக அர்த்தமில்லை. ஒரு முடிவெடுப்பதற்காகவே கூடினால் கலந்தாலோசனை.

விவாதம் என்றாலே சண்டை என்று ஆகிவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்தியத் தருக்க மரபான நியாயத்தில், உண்மையைத் தேடிப் பேசுவது வாதம். ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு நிலைப்பாட்டை நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை மட்டும் உடைப்பது விதண்டை. நாம் அன்றாடம் சொல்கிற விதண்டாவாதம் அங்கிருந்து வந்ததுதான். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவது இந்தக் கடைசி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு விவாதம் என்று பெயர் வைப்பது நல்ல விவாதத்துக்குச் செய்யும் அநியாயம்.

பிரச்சினை என்னவென்றே இன்னும் பிடிபடவில்லையா? கலந்துரையாடுங்கள். வழிகள் இரண்டாகச் சுருங்கிவிட்டனவா? சரி, அப்புறம் விவாதியுங்கள். எடுத்த எடுப்பிலேயே விவாதத்தில் இறங்கினால், மூன்றாவது வழி ஒன்று இருந்தாலும் அது பேச்சுக்கே வராது.