காரைக்குடிப் பக்கம் நாஸ் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் இருக்கிற படங்கள், பாட்டுகள், கல்யாண வீடியோக்களை எல்லாம் ஒரே இடத்தில் போட்டு வைக்க நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பார்க்கக்கூடிய டிஸ்க் பெட்டி) வாங்கலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புதிது என்று சொல்லி எனக்கு விற்றவை, சிசிடிவியில் ஓடிக் களைத்த பழைய டிஸ்க்குகள். ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒன்று போனால் மொத்தமும் போகிற மாதிரி அமைத்துக் கொடுத்தார்கள். ஒன்று போனது. மொத்தமும் போய்விட்டது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். பெயரைவிட அவர்கள் செய்த விதம் தெரிவதுதான் உங்களுக்கு உபயோகம், ஏனென்றால் இதை வேறு யாரும் செய்யலாம்.

எங்கள் வீட்டுச் சேகரிப்பு சாதாரணமானதுதான். டிவிடியில் இருந்து எடுத்த பழைய படங்கள், பாட்டுகள், 1996-ல் பள்ளத்தூர் வீட்டில் நடந்த அப்பச்சியின் (எங்கள் அப்பாவின்) அறுபதாம் சாந்தி வீடியோ, அப்புறம் அப்பச்சி பினாங்கில் இருந்தபோது கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய ஆடியோ கேசட்டுகள். கேசட்டுகளையும் விஎச்எஸ் டேப்பையும் ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றியிருந்தோம். டேப்புகளில் பூஞ்சை ஏறிவிட்டது, இனி ஓட்ட முடியாது. ஃபைல்கள் இருந்த போர்ட்டபிள் டிஸ்க் திணற ஆரம்பித்ததால்தான் நாஸ் யோசனையே வந்தது. டிவியிலும் பார்க்கலாம், கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனும் பார்க்கலாம்.

காரைக்குடியில் ஒரு கடை. அவர்களுக்கு முக்கியத் தொழில் சிசிடிவி பொருத்துவது. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு எல்லாம் இப்போது கேமரா இருக்கிறதே, அந்த வேலை. 'ஹோம் சர்வர் பேக்கேஜ்' என்று ஒன்று வைத்திருந்தார்கள்: இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி, இரண்டு 4 டிபி டிஸ்க், வீட்டுக்கு வந்து அமைத்துக் கொடுப்பது, எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். எனக்கு மிரர் வேண்டும், அதாவது எழுதுவது எல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். கொட்டேஷனிலும் 'ரெய்டு 1, மிரர்' என்று எழுதி வாங்கினேன். ரெய்டு என்றால் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து அமைக்கும் முறை, எண்ணைப் பொறுத்து விதம் மாறும். அந்தத் தாள்தான் இன்று என் கையில் இருக்கும் ஒரே பலம்.

பெட்டியை வைக்க வந்த பையன் டிஸ்க்குகளை ஏற்கனவே உள்ளே பொருத்திக் கொண்டுவந்தான். டிஸ்க்கின் அட்டைப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, மொத்தமாக வருவதால் தனிப் பெட்டி கிடையாது என்றான். திரையில் 7 டிபிக்கு மேல் இடம் காட்டியது. இரண்டு 4 டிபி டிஸ்க்கை மிரரில் போட்டால் 3.6 டிபி அளவில்தான் காட்டும். 'ஏன் தம்பி இவ்வளவு காட்டுகிறது?' என்று கேட்டேன். 'அது கம்ப்ரஸ் பண்ணிக் காட்டும் ஆச்சி, மிரர் உள்ளே ஓடிக்கிட்டேதான் இருக்கும்' என்றான். முழுப் பொய். அப்படி ஒரு நாஸும் கிடையாது. அவன் போட்டிருந்தது ரெய்டு 0. அதில் ஒவ்வொரு ஃபைலையும் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒரு துண்டை இந்த டிஸ்க்கிலும் அடுத்ததை அந்த டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும். வேகம் கிடைக்கும், இடம் முழுசாகக் கிடைக்கும். ஆனால் ஒரு டிஸ்க் நின்றால் மற்றதில் இருப்பது பாதிப் பாதித் துண்டுகள், ஒரு பாட்டைக்கூட முழுதாக எடுக்க முடியாது. வீட்டுக்காரர் பார்க்கும்போது பெரிய எண் தெரிந்தால் திருப்தியாகப் போய்விடுவார் என்பதற்காகவே இப்படிப் போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் பெட்டிக்குள் இருந்து 'டிக், டிக்' என்று விட்டு விட்டுச் சத்தம். ஆரஞ்சு விளக்கு. திரையில் வால்யூம் கிராஷ், அதாவது சேமிப்பு இடமே சிதைந்துவிட்டது என்று வந்தது.

கடைக்குப் போனால், 'டிஸ்க்குன்னா போறதுதான் ஆச்சி, யாரு என்ன பண்ண முடியும்? கொடுங்க, பிரிச்சுப் பாக்குறோம்' என்றார் முதலாளி. நான் கொடுக்கவில்லை. இதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்: சத்தம் போடும் ஹார்டு டிஸ்க்கை யார் கடையிலும் பிரிக்க விடாதீர்கள், மறுபடி மறுபடி ஆன் செய்தும் பார்க்காதீர்கள். உள்ளே தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தூசியைவிடக் குறைவு. தூசி நீக்கிய கிளீன் ரூம் வைத்திருக்கும் ரெக்கவரி நிறுவனங்கள்தான் அதைத் திறக்கலாம். திறந்த மேசையில் ஸ்குரூ டிரைவர் வைத்துப் பிரித்தால், மிச்சம் மீதி வரவேண்டியதும் வராது.

லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகன்தான் இரண்டு டிஸ்க்கையும் வெளியே எடுத்துப் பார்த்தான். 'அயித்தை, இது புதுசு இல்லை' என்று உடனே சொன்னான். எப்படி என்று காட்டினான். டிஸ்க்கின் பக்கவாட்டில் திருகு போடும் ஓட்டைகள் இருக்கும். நம் பெட்டியில் டிஸ்க் திருகு இல்லாத தட்டில்தான் உட்காருகிறது, ஆனால் அந்த ஓட்டைகளின் விளிம்பில் பெயின்ட் உரிந்து வட்டமாகத் தடம் இருந்தது. ஏற்கனவே வேறு ஏதோ பெட்டியில் திருகிக் கழற்றியிருக்கிறார்கள். கேபிள் சொருகும் இடத்தில் இருக்கும் தங்க நிறக் கால்களில் கோடு கோடாகத் தேய்மானம். லேபிளின் ஓரத்தில் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த பிசின். மாடல் எண்ணைத் தேடினால், நாஸ் வகையே இல்லை, கேமரா ரெக்கார்டருக்காகச் செய்த வகை. லேபிளில் தயாரித்த ஆண்டு 2017. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி முடிந்துவிட்டது என்று வந்தது. கடையில் கொடுத்த பில்லில் 'மூன்று வருட வாரண்டி' என்று இருக்கிறது, ஆனால் சீரியல் எண் இல்லை. ஏன் இல்லை என்பது இப்போது விளங்குகிறது.

இன்னொன்றும் பார்த்தான். ஒவ்வொரு டிஸ்க்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் தகவல் என்பார்கள், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் 'பவர் ஆன் அவர்ஸ்' என்று காட்டும். ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கில் அது எங்கள் வீட்டில் ஓடிய நேரத்தை மட்டுமே காட்டியது. 2017-ல் செய்த, திருகுத் தடம் விழுந்த டிஸ்க்குக்கு அது எப்படிச் சாத்தியம்? அழித்து பூஜ்யம் ஆக்கியிருக்கிறார்கள். இது உலக அளவில் நடக்கிற மோசடி. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் இதே கதை வெளியே வந்தது: புதிது என்று விற்கப்பட்ட சீகேட் டிஸ்க்குகள் பல ஆயிரம் மணி நேரம் ஓடியவையாக இருந்தன, ஸ்மார்ட் கணக்கு மட்டும் பூஜ்யம். சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு, அதில் பழைய கணக்கு அப்படியே இருந்ததால்தான் குட்டு உடைந்தது. அதனால் ஸ்மார்ட் எண் பெரிதாக இருந்தால் டிஸ்க் பழையது என்பது உறுதி, சிறிதாக இருந்தால் புதியது என்பதற்கு அது சாட்சி ஆகாது. லேபிள், சீரியல், திருகு ஓட்டை, எல்லாமும் ஒத்துப்போக வேண்டும்.

இதைத் தோண்டும்போது இன்னொரு ஆபத்தும் கிடைத்தது. அண்ணன் மலேசியாவில் இருந்து பார்ப்பதற்காக அந்தப் பையன் ரூட்டரில் போர்ட்டை (வெளியில் இருந்து உள்ளே வரும் வழியை) திறந்து, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தையே இன்டர்நெட்டுக்குக் காட்டி வைத்திருக்கிறான். பாஸ்வேர்டு, கடையின் போன் நம்பர்! கடை பில்லைப் பார்த்த எவரும் உள்ளே வரலாம். இப்படித் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைத்தான் 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற வைரஸ் பூட்டிவிட்டு, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. 2021 ஜூனில் டபிள்யூடியின் (வெஸ்டர்ன் டிஜிட்டல்) மை புக் லைவ் பெட்டிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் காலியாகின. வெளியூர்ச் சொந்தங்கள் பார்க்க வேண்டுமென்றால் போர்ட் திறக்க வேண்டியதில்லை. டெய்ல்ஸ்கேல் மாதிரி விபிஎன் (நம் சாதனங்களுக்கு மட்டுமான பூட்டிய பாதை) ஒன்றைப் பெட்டியிலும் அவர்கள் போனிலும் போட்டால் போதும்.

சரி, வாங்குகிறவர்கள் என்ன செய்யலாம்? பெட்டியையும் டிஸ்க்கையும் தனித்தனியாக வாங்குங்கள். பேக்கேஜ் என்றாலே டிஸ்க்கின் வயது மறைந்துவிடுகிறது. டிஸ்க் சீல் செய்த உறையில் வர வேண்டும், இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், வருடம் அச்சிட்ட ஸ்டிக்கர் அதில் இருக்க வேண்டும். நம் நாட்டில் அது சட்டப்படி கட்டாயம். உறையைப் பிரிக்கும் முன்பே சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி எதுவரை என்று பாருங்கள். நாஸ் டிஸ்க்குகளுக்குப் பொதுவாக மூன்று வருடம், புரோ வகைக்கு ஐந்து. ஜிஎஸ்டி பில்லில் அதே சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவர்களாக இருந்தாலும்.

டிஸ்க் வகையிலும் ஒரு கண்ணி உண்டு. எஸ்எம்ஆர் என்ற வகையில் தட்டில் எழுதும் பாதைகள் நம் வீட்டு நாட்டு ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதன் மேல் ஏறியிருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் பரவாயில்லை. ஆனால் ஒரு டிஸ்க் போய் புதிதை மாட்டி ரெய்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது மிக மெதுவாகும், சில சமயம் அந்த டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று பெட்டி தள்ளிவிடும். 2020-ல் டபிள்யூடி தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலானவற்றில் இதைச் சொல்லாமல் போட்டது வெளியே வந்து பெரிய சண்டையானது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர், அதாவது பாதைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெட்டியின் மேல் 'நாஸ்' என்று இருந்தால் மட்டும் போதாது, சிஎம்ஆர் தானா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம். பழைய வீட்டுச் சுவர்களைத் தாண்டி வைஃபை போகாது, முகப்பில் இருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். சாதாரண கிகாபிட் கேபிள் 4கே படத்துக்கே தாராளம். யூஎஸ்பி வயர் உள்ள யூபிஎஸ் வாங்கினால், நீண்ட மின்வெட்டில் பெட்டி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும்.

புகார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். அதன்பின் கடையில் இருந்து போன் வந்தது: பாதிப் பணம் தருகிறோம், புகாரைத் திரும்ப வாங்குங்கள் என்று. வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் பொருள் வாங்கியிருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கொட்டேஷன், பில், லேபிளின் போட்டோ, வாரண்டிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எல்லாம் சேர்த்து வைத்தேன்.

சாந்தி வீடியோ அண்ணனிடம் பழைய பென் டிரைவில் குறைந்த தரத்தில் இருந்தது. ஆத்தாவுக்குத் திருப்பூட்டும் (அம்மாவுக்குத் தாலி கட்டும்) இடம் மங்கலாக இருந்தாலும் இருக்கிறது. அப்பச்சியின் கேசட்டுகளுக்கு வேறு நகல் எங்கும் இல்லை. கெட்ட டிஸ்க்கை சென்னையில் ஒரு ரெக்கவரி நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறோம். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து படித்தால்தான் எதுவும் வரும் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள்.

இதே மாதிரி பேக்கேஜ் ஏற்கனவே வாங்கியவர்கள், இன்று பெட்டியின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு டிஸ்க்கின் அளவும் கூட்டி முழுசாகக் காட்டினால் அது மிரர் இல்லை. அங்கேயே மாற்ற முயலாதீர்கள், பெரும்பாலான பெட்டிகளில் ரெய்டு 0-ஐ ரெய்டு 1 ஆக்க உள்ளே இருப்பதை முழுக்க அழித்தாக வேண்டும். முதலில் வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், நாலைந்து ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள், அந்த டிஸ்க்கை வேறு வீட்டில் வையுங்கள். அதன் பிறகு கடைக்குப் போய்க் கேளுங்கள்.