குறைந்த செலவில் தெர்மல் மானோகுலர்: சில வேட்டைப் பருவங்களுக்குப் பிறகு

நான் வைத்திருப்பது 384×288 சென்சார், 12 மைக்ரான் பிக்சல், 19 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்ட கையடக்க தெர்மல் மானோகுலர், அதாவது பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தைப் படமாகக் காட்டும் ஒற்றைக்கண் கருவி. அதற்கு முன் 256×192 சென்சாரும் 10 மில்லிமீட்டர் லென்ஸும் உள்ள சின்னது ஒன்று இருந்தது. இரண்டுமே விலைப்பட்டியலின் கீழ்ப்பாதியில் வருபவை. மாடல் பெயர் சொல்லிப் பெரிய பயன் இல்லை. பெயர்கள் அடிக்கடி மாறும், இந்த எண்கள்தான் நிற்கும். வாங்கும்போது எண்களைப் படியுங்கள், பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் விட்டுவிட்டு.

அங்கே அச்சடித்திருப்பது கண்டறியும் தூரம். 900 மீட்டர் என்று போட்டிருந்தால் அந்தத் தூரத்தில் மானைப் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நிற்கிற ஓர் ஆள் அங்கே ஒன்றிரண்டு பிக்சல் அளவுக்குச் சூடான புள்ளியாகத் தெரிவார், அவ்வளவுதான். இந்தக் கணக்கின் வேர் 1950களில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோல். ஏதோ இருக்கிறது என்று தெரிவது ஒரு படி, இன்ன வகை என்று தெரிவது அடுத்த படி, இன்னதுதான் என்று உறுதியாவது மூன்றாவது. முதல் படியைவிட மூன்றாவதற்குச் சுமார் ஆறு மடங்கு விவரம் வேண்டும். விளம்பரம் முதல் படியோடு நின்றுவிடும். சுடப்போகிறவருக்கு வேண்டியது மூன்றாவது.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிக்சல் அளவை (மைக்ரானில்) லென்ஸின் குவியத் தூரத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால், 1000 மீட்டரில் ஒரு பிக்சல் எத்தனை மீட்டரை மூடும் என்று வந்துவிடும். என் கருவிக்கு 12 வகுத்தல் 19, அதாவது 0.63. ஆக 100 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 6 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 19 சென்டிமீட்டர். பக்கவாட்டில் நிற்கும் மானின் உடல் ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், 300 மீட்டரில் அது ஐந்துக்கு மூன்று பிக்சல் கட்டம். அங்கே நிற்பது மானா, ஆடா, கன்றுக்குட்டியா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 10 மில்லிமீட்டர் லென்ஸில் அதே தூரத்துக்கு ஒரு பிக்சலே 36 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கில் சென்சாரின் மொத்த பிக்சல் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை, பார்த்தீர்களா? பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 256 சென்சாரையும் 384 சென்சாரையும் அதே 12 மைக்ரான் பிக்சலோடு அதே 19 மில்லிமீட்டர் லென்ஸின் பின்னால் வைத்தால் மான் மீது விழும் பிக்சல் இரண்டிலும் ஒன்றேதான். கூடுவது பார்வையின் அகலம். 256இல் கிட்டத்தட்ட 9 பாகை, 384இல் 14 பாகை. 100 மீட்டர் தூரத்தில் முன்னதில் 16 மீட்டர் அகலம் தெரியும், பின்னதில் 24 மீட்டர். அகலம் சின்ன விஷயம் இல்லை. 9 பாகையை வைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவைத் துழாவுவது குழாய்க்குள் கண்ணை வைத்து ஊரைத் தேடுவது மாதிரிதான், கை அலுத்துவிடும். ஆனாலும் நீங்கள் தேடுவது விவரம் என்றால் காசை லென்ஸில் போடுங்கள், அகலம் என்றால் சென்சாரில். டிஜிட்டல் ஜூம் எதையும் கூட்டாது, இருக்கிற கட்டங்களையே பெரிதாக்கிக் காட்டும்.

அடர்ந்த காட்டில் நூறு மீட்டருக்குள்தான் எல்லாம் நடக்கிறது என்றால் 256 சென்சார், 10 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அந்தச் சின்னக் கருவியைக் கொடுத்துவிட்டதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. திறந்த புல்வெளி, வயல் ஓரம் என்றால் 19க்குக் கீழே போகாதீர்கள். 25 கிடைத்தால் நல்லது.

எவ்வளவு சின்ன வெப்பநிலை வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்று மில்லிகெல்வினில் சொல்லப்படும் உணர்திறன் அடுத்தது. எண் சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளக்கும்போது 25க்கும் 35க்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க மாட்டேன். குளிர்ந்த, தெளிவான இரவில் எந்தக் கருவியும் அழகாகத்தான் காட்டும். மூடுபனியிலும் தூறலிலும்தான் சாயம் வெளுக்கும், அப்போது விலை உயர்ந்ததும் தடுமாறும். வெயில் அடித்த நாளின் மாலையில் பாறையும் மரத்தண்டும் சூட்டை விடாமல் வைத்திருக்கும், திரை முழுக்கப் பொய் மான்கள். எல்லாம் ஆறிப்போன விடியற்காலைதான் இந்தக் கருவிக்கு உரிய நேரம்.

மானின் ரோமம் நல்ல வெப்பக் காப்பு. அதனால் முகம், காதின் உட்புறம், உள்தொடை ஆகியவை பளிச்சென்று இருக்க, முதுகு மங்கலாகத்தான் தெரியும். கொம்பு விஷயம் இன்னும் முக்கியம். வளரும் காலத்தில் கொம்பின் மேலிருக்கும் வெல்வெட் தோலில் ரத்தம் ஓடுவதால் அது ஒளிரும். தோல் உரிந்து கெட்டியானதும் ரத்த ஓட்டம் நின்றுவிடும், கொம்பும் சுற்றுப்புறச் சூட்டிலேயே இருக்கும். ஆக வேட்டைப் பருவத்தில் ஆணா பெண்ணா என்பதை தெர்மலை நம்பி முடிவு செய்யக் கூடாது. நான் இதில் மானைத் தேடுவேன், அப்புறம் வெளிச்சம் வந்ததும் சாதாரண பைனாகுலரில் உறுதி செய்வேன். நல்ல பைனாகுலர் இல்லாதவர் முதலில் அதை வாங்கட்டும். இலைகளுக்குப் பின்னால் இருப்பதையும் தெர்மல் காட்டாது, இலை இடுக்கில் தெரியும் துண்டைத்தான் காட்டும். கண்ணாடி வழியாகவும் பார்க்காது, காரின் ஜன்னலை இறக்கித்தான் ஆக வேண்டும்.

தினசரிப் புழக்கத்தில் எரிச்சல் தருவது ஷட்டர். படத்தைச் சரிசெய்துகொள்ள அது அவ்வப்போது கிளிக் என்று மூடித் திறக்கும், படம் ஒரு கணம் உறையும். அமைதியான காட்டில், பக்கத்தில் நிற்கும் மான் அந்தச் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கையால் இயக்கும் முறை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ரெஃப்ரெஷ் ரேட், அதாவது படம் ஒரு நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது, 9 ஹெர்ட்ஸ் என்றால் கருவியைத் திருப்பும்போது படம் விட்டு விட்டு ஓடும். 25 போதும், 50 சுகம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இருட்டுக்குப் பழகிய கண் அவ்வளவாகக் கெடாது. வண்ண வண்ணமாகக் காட்டும் முறைகளை முதல் வாரத்துக்குப் பிறகு தொட்டதே இல்லை.

சட்டத்தை வாங்கும் முன்பே பாருங்கள். மான் வேட்டையே தடை செய்யப்பட்ட இடங்கள் உண்டு, இரவு வேட்டைக்கு மட்டும் தடை உள்ள இடங்கள் உண்டு, தெர்மலை வேட்டையில் எந்த விதத்திலும் பயன்படுத்தக் கூடாது என்ற இடங்களும் உண்டு. சுட்ட பிறகு விழுந்த மானைத் தேட மட்டும் அனுமதிக்கும் இடத்தில்கூட இது காசுக்குத் தகும். ரத்தத் துளி சீக்கிரம் ஆறி மறைந்துவிடும், ஆனால் உடல் நீண்ட நேரம் தெரியும்.

பழையது வாங்குவதும் நல்ல வழிதான். வெறும் சுவரைப் பார்த்து, ஷட்டரை ஓடவிட்டு, அப்படியும் மறையாத புள்ளியோ கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். சூரியனை நோக்கிப் பிடித்தால் சென்சாரில் தழும்பு விழும், அந்தத் தடம் சுவரில் தெரிந்துவிடும். கழற்றி மாற்றக்கூடிய 18650 பேட்டரியா (உருளை வடிவ லித்தியம் பேட்டரியின் ஒரு பொது அளவு) என்றும் கேளுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் இறங்கும், சட்டைப்பைக்குள் ஒரு மாற்று இருந்தால் கவலை இல்லை. உள்ளேயே பூட்டிய பேட்டரி என்றால் விலையை இன்னும் குறைத்துக் கேளுங்கள்.